மற்றும் பக்கவாத்தியங்கள்

திருவிழா நோட்டீஸ் ஒன்றை நீங்கள் கடைசியாக எப்போது முழுசாகப் படித்தீர்கள்?

நான் படித்தது நைனார்பாளையத்தில். கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டம். பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. டீ குடித்தாகிவிட்டது. பேப்பரில் ராசிபலன் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. டீக்கடைச் சுவரில் ரோஸ் கலர் தாளில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் அம்மன் திருவிழா. (எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அந்த ஊர்மேல் எனக்குத் தனியாகக் கோபம் எதுவும் கிடையாது. உங்கள் ஊர் நோட்டீஸும் இப்படித்தான் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.)

தலைமை தாங்குகிறவர், முன்னிலை வகிக்கிறவர்கள், விழாக் குழுவினர் என்று ஒரு பெரிய பட்டாளத்தின் பெயர்கள். அன்னதான உபயம் யார் என்று இருந்தது. பந்தல் போட்டவர் பெயர், சவுண்ட் சர்வீஸ்காரர் பெயர், வாணவேடிக்கைக்காரர் பெயர் எல்லாம் இருந்தன. அடியில், நோட்டீஸ் அடித்துக் கொடுத்த அச்சகத்தின் பெயரும் செல் நம்பரும்கூட இருந்தன. நடுவில், 'இரவு 10 மணிக்கு கர்ண மோட்சம் தெருக்கூத்து.' அதற்குக் கீழே கர்ணன் வேஷம் கட்டுகிறவர் பெயர், பொன்னுருவி வேஷக்காரர் பெயர், கட்டியக்காரன் பெயர். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய சைஸில் இரண்டே சொற்கள்: 'மற்றும் பக்கவாத்தியங்கள்.'

சீரியல் செட் கட்டியவருக்குப் பெயர் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து விடிகிறவரைக்கும் ஆர்மோனியம் வாசிக்கப் போகிறவருக்குப் பெயர் இல்லை. அவர் 'மற்றும்'.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. கூத்து அன்றைக்கு ராத்திரிதான்.

தெருக்கூத்தை நீங்கள் ஒருமுறையாவது முழு ராத்திரி உட்கார்ந்து பார்த்திருந்தால் நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் களரி கட்டுவார்கள். வேஷக்காரர்கள் இன்னும் அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். வாத்தியக்காரர்கள் மட்டும் வாசித்து, 'கூத்து ஆரம்பிக்கப் போகிறது, வாங்கடா' என்று ஊரைக் கூப்பிடுவார்கள். களத்துக்குள் முதலில் வருவது பெட்டிதான். கடைசியில் எழுந்து போவதும் பெட்டிதான். நடுவில் உள்ள ஏழெட்டு மணி நேரத்தில் வேஷக்காரர்கள் திரைக்குப் பின்னால் போவார்கள், பீடி பிடிப்பார்கள், டீ குடிப்பார்கள், ஒரு தூக்கம்கூடப் போடுவார்கள். பெட்டிக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

அன்றைக்கு வாசித்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். இடது கை துருத்தியில், வலது கை கட்டைகளில், வாயில் பின்பாட்டு. கண் மட்டும் வேஷக்காரரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. நிஜமாகவே தொண்டையைத்தான் சொல்கிறேன். இரண்டு மணிக்கு மேல் கர்ணனுக்குக் குரல் கட்ட ஆரம்பித்தது. மேல் ஸ்தாயியில் ஒரு தடவை பிசிறு தட்டியது. அடுத்த பாட்டுக்குள் பெட்டிக்காரர் சுதியை அரைக் கட்டை இறக்கிவிட்டார். ஆர்மோனியத்தில் சுதியை இறக்குவது டிவி ரிமோட்டில் வால்யூமைக் குறைப்பது மாதிரி இல்லை. விரல் போகிற பாதை மொத்தமும் மாறும். அதுவரை வெள்ளைக் கட்டையில் இருந்த சுரம் கறுப்புக் கட்டைக்குப் போய்விடும். அவர் அதைப் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் செய்தார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கர்ணனுக்கே தெரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம். 'கடைசிவரைக்கும் கணீர்னு பாடுனாம்பா' என்று பக்கத்தில் ஒருத்தர் மெச்சினார்.

பொன்னுருவிக்கும் கர்ணனுக்கும் தர்க்கம் நடக்கும்போது பொன்னுருவி ஓரிடத்தில் அடியை மறந்துவிட்டார். பெட்டிக்காரர் அந்த அடியின் முதல் சொல்லைப் பின்பாட்டு மாதிரியே இழுத்துப் பாடினார். பொன்னுருவி பிடித்துக்கொண்டார். கர்ணன் களத்துக்கு வருவதற்கு ஒரு வாசிப்பு, கட்டியக்காரன் குட்டிக்கரணம் போட ஒரு வாசிப்பு, கர்ணனுக்கு அம்பு தைத்த பிறகு ஒரு வாசிப்பு. இதெல்லாம் எந்த நோட்டிலும் எழுதி வைத்ததில்லை. அவர் அங்கேயே போட்டது. இதற்கு என்ன பெயர்? சினிமாவில் இதற்கு அரேஞ்சர் என்று பெயர். மேல்நாட்டு நாடக அரங்கில் இசை இயக்குநர் என்பார்கள். நம் ஊரில் பக்கவாத்தியம். அதற்கும் முன்னால் ஒரு மற்றும்.

நடுவில் ஒருத்தர் நூறு ரூபாய் அன்பளிப்பு கொடுத்தார். கூத்து நின்றது. அவர் பெயர், அவர் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் மைக்கில் மூன்று தடவை சொல்லப்பட்டன. அவர் ஆசைப்பட்ட சினிமாப் பாட்டு ஒன்றையும் பெட்டிக்காரர் வாசித்தார். நூறு ரூபாய்க்கு மூன்று தடவை பெயர்!

விடிந்ததும் அவரோடு டீ குடித்தேன். பன்னிரண்டு வயதில் பாலர் வேஷம் கட்டக் கூத்துக்கு வந்தவர். குரல் உடைந்ததும் வாத்தியார் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாராம். கேட்டுக் கேட்டே பாரதம் மொத்தமும் பாடம். யார் எந்த வேஷத்தை எத்தனை கட்டையில் பாடுவார் என்பது அவருக்கு மனப்பாடம். கூத்து இல்லாத மாசங்களில் மரவள்ளி பிடுங்கப் போவார், மக்காச்சோளம் ஒடிக்கப் போவார்.

"நோட்டீஸ்ல உங்க பேர் போடலையேய்யா, வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எம்பேரு எதுக்கு தம்பி? 'பொட்டி வந்துடுச்சா'ன்னுதான் கேப்பாங்க. 'ஆளு வந்துட்டானா'ன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்று சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். வயதான கலைஞர்களுக்கான உதவித்தொகைக்காக எழுதிப்போட ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். நீங்கள் கலைஞர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷத்து நோட்டீஸை ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாராம். "ஒண்ணுலயும் எம்பேரு இல்லியே தம்பி. அவங்க மேல என்னா தப்பு சொல்றது?"

இனிமேல் யாராவது என்னிடம் 'பேர் போட்டா வயிறு நெறஞ்சிடுமா சார்?' என்று கேட்டால் அந்த மஞ்சப் பையைத்தான் சொல்வேன்.

இது ஒரு ஊர்க் கோளாறு இல்லை. நூறு வருஷத்துப் பழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தார். அவர் காலத்து நாடக மேடையில் ஆர்மோனியம்தான் எல்லாம். தென்மாவட்டங்களில் இன்றும் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் முருகன் ஒரு ஊரிலிருந்து வருவார், வள்ளி இன்னொரு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. இரண்டு பேரும் மேடையில்தான் சந்திப்பார்கள். விடியவிடிய நாடகம் கவிழாமல் ஓடுகிறது என்றால் நடுவில் உட்கார்ந்து தேர் ஓட்டுகிறவர் ஆர்மோனியக்காரர். எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு நாடே மயங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய சகோதரர் காசி ஐயர். கிட்டப்பாவைத் தெரிந்தவர்கள் நூறு பேரைக் கூப்பிட்டு காசி ஐயரைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை கை தூக்குகிறது என்று பார்ப்போம். ஜி. ராமநாதனும் அண்ணனின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவர்தான். பின்னால் சினிமாவில் இசையமைப்பாளர் ஆனதால் பெயர் பிழைத்தது. இளையராஜா அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் பெட்டி வாசித்தவர். அங்கேயே இருந்திருந்தால் அவரும் 'மற்றும்'தான்.

அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்தது. 1940 மார்ச் 1-ம் தேதி முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. வெள்ளைக்காரன் வாத்தியம், கமகம் வராது, நம் சங்கீதத்தைக் கெடுக்கிறது என்று காரணம் சொன்னார்கள். தாகூரே ஆர்மோனியத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். கமகம் வராது என்பது உண்மை. ஆனால் வெள்ளைக்காரன் வாத்தியம் என்றால், வயலின் என்ன திருவையாற்றில் காய்த்ததா? வெள்ளைக்காரனே போன பிறகும் சுதந்திர இந்தியாவின் வானொலி அந்தத் தடையை விடாமல் கட்டிக் காத்தது. 1971-ல்தான் அதைத் தளர்த்தினார்கள். முப்பத்தோரு வருஷம்! மேடையில் பாடியவர் வானொலி நிலையத்துக்குள்ளே போனார். அவருக்குப் பெட்டி வாசித்தவர் வாசலோடு நின்றார்.

சரி, கூத்தும் நாடகமும் பழைய கதை, சினிமாவில் இப்படியெல்லாம் இருக்காது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் இன்னும் மோசம்.

ஒரு பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர் இசையமைப்பாளர். ஆனால் நீங்கள் ரேடியோவில் கேட்டதும் 'ஆ, இந்தப் பாட்டு' என்று கண்டுபிடிக்கிறீர்களே, பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வருகிற அந்தப் பத்து விநாடி, அது பல நேரம் அரேஞ்சரின் வேலை. இடையிசை, எந்த இடத்தில் வயலின் கூட்டம் எழும்ப வேண்டும், எங்கே புல்லாங்குழல் தனியாக நிற்க வேண்டும், எங்கே எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், எல்லாம் அவர் எழுதுவார். எழுதி, வாசிப்பவர்கள் முன்னால் நின்று நடத்தியும் கொடுப்பார். எல்லா இசையமைப்பாளர்களுக்கும் இப்படி ஆள் தேவைப்பட்டது என்று நான் சொல்லவில்லை. இளையராஜா எல்லா வாத்தியத்துக்கும் தானே உட்கார்ந்து நோட்ஸ் எழுதிவிடுகிறவர். ஆனால் விதிவிலக்கைக் காட்டி விதியை மறைக்கக் கூடாது.

இந்தித் திரையில் செபாஸ்டியன் டிசோசா என்று ஒரு கோவாக்காரர். சங்கர்-ஜெய்கிஷனின் பாட்டுகளில் அந்த வயலின் கடல் அலை மாதிரி வருமே, அதை எழுதிக் கொடுத்தவர் அவர். பம்பாயின் ஜாஸ் பேண்டுகளில் டிரம்பெட் ஊதிய சிக் சாக்லேட் போன்றவர்களும் பகலில் சினிமா ஸ்டூடியோக்களுக்குப் போய் வேலை செய்தார்கள். ஆண்டனி கொன்சால்வஸ் என்று இன்னொரு கோவாக்காரர். வயலின் கலைஞர், அரேஞ்சர். இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1977-ல் வந்த 'அமர் அக்பர் ஆண்டனி'யில் அமிதாப் பச்சன் பெரிய ஈஸ்டர் முட்டைக்குள்ளிருந்து வந்து தன் பெயர் என்று சொல்லிப் பாடுவாரே, அதே பெயர். அந்தப் படத்துக்கு இசை லட்சுமிகாந்த்-பியாரேலால். பியாரேலால் சின்ன வயதில் வயலின் கற்றது ஆண்டனி கொன்சால்வஸிடம். சிஷ்யர் குருவுக்குக் கொடுத்த மரியாதை அது. ஆக, ஒரு அரேஞ்சரின் பெயர் இந்தியா முழுக்கத் தெரிய வேண்டும் என்றால் அமிதாப் முட்டைக்குள்ளிருந்து வர வேண்டியிருக்கிறது. அப்போதும் அது ஒரு நிஜ மனிதரின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரிந்தது?

சென்னைக்கு வருவோம். ஆர்.கே. சேகர். யார் என்று கேட்டால் 'ரஹ்மானோட அப்பா' என்பீர்கள். அவ்வளவுதான் தெரியும், இல்லையா? கோடம்பாக்கத்தில் மலையாளப் படங்களுக்குக் கீபோர்டு வாசித்தவர், அரேஞ்சர், வாத்தியக் குழுவை நடத்தியவர். தேவராஜன், எம்.கே. அர்ஜுனன் என்று அந்தக் காலத்து மலையாள இசையமைப்பாளர்கள் பலருக்கும் அவர்தான் கை. 1964-ல் 'பழசிராஜா'வுக்கு அவரே இசையமைத்தார். ஆனாலும் வாழ்நாளின் பெரும் பகுதி அடுத்தவர் பாட்டைத் தூக்கி நிறுத்துவதிலேயே போனது. 1976 செப்டம்பரில் காலமானார். நாற்பத்து மூன்று வயது. மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அதன் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி? அவர் வாங்கி வைத்துவிட்டுப் போன கீபோர்டுகளையும் மற்ற வாத்தியங்களையும் வாடகைக்கு விட்டார்கள். அவர் செய்த வேலைக்கு அன்றன்றைக்கு வாங்கிய சம்பளத்தோடு சரி. அந்தப் பாட்டுகள் பாட்டுக்கு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பையன் வளர்ந்து, 1990-களில் தன் கேசட் அட்டைகளில் என்ன செய்தார் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். புல்லாங்குழல் யார், வீணை யார், கிடார் யார், ஒலிப்பதிவு யார் என்று வரிசையாகப் பெயர் போட்டார். அந்தப் பழக்கம் அப்பாவின் கதையிலிருந்து வந்ததா என்று அவர்தான் சொல்ல வேண்டும். எனக்கென்னவோ அப்படித்தான் தோன்றுகிறது. அதற்கும் முன்னால், எம்.எஸ்.விஸ்வநாதன் படங்களின் டைட்டிலில் 'உதவி' என்று போட்டு ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல் பெயர்கள் வரும். சின்ன எழுத்தாக இருக்கலாம்; ஆனால் வந்தது. இப்போது கேசட் போய்விட்டது, அட்டையும் போய்விட்டது. போனில் பாட்டுக் கேட்கிறோம். சில செயலிகளில் அந்தப் பாட்டுக்கு வாயசைத்த நடிகரின் பெயர்கூட இருக்கும். கீபோர்டு வாசித்து அதைக் கட்டி எழுப்பியவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். விரல் வலிக்கும்.

'கூலி வாங்கிட்டாரு இல்ல, அப்புறம் என்ன?' என்று ஒரு தயாரிப்பாளர் என்னிடம் கேட்டார். 'வீடு கட்டுன கொத்தனார் பேரை வாசல்ல போடறமா?' என்றார். கொத்தனார் கட்டிய வீடு ஒரு வீடு. அதை இன்னொரு தடவை விற்றால் இன்னொரு வீடு முளைக்காது. ஒரு பாட்டு ஒரு லட்சம் தடவை ஒலித்தால் ஒரு லட்சம் தடவை காசு. இரண்டும் ஒன்றா? அது போகட்டும், சினிமாக்காரர் தன் பெயரை டைட்டிலில் எத்தனை தடவை போட்டுக்கொள்கிறார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு கொத்தனார் கதைக்கு வரட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நம் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. இசைக்கு ஆசிரியர் யார்? இசையமைப்பாளர். முடிந்தது. அரேஞ்ச் செய்வது என்ற வேலை சட்டத்துக்குத் தெரியாதா என்றால், தெரியும். 'தழுவல்' என்பதற்குப் பொருள் சொல்லுமிடத்தில், இசைப் படைப்பை அரேஞ்ச் செய்வதும் தழுவல்தான் என்று அதில் இருக்கிறது. ஆனால் தழுவல் செய்கிற, செய்ய அனுமதிக்கிற உரிமை மூலப் படைப்பின் உரிமையாளருக்கு. வேலை இருக்கிறது, வேலைக்காரர் இல்லை. பேய் வந்து செய்துவிட்டுப் போகிறது போல.

நிகழ்த்துகலைஞர் என்றால் யார் யார் என்று அதே சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி. ஆமாம், பாம்பாட்டி! சந்தோஷம். பாம்பாட்டி மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவரை மறக்காத சட்டம் அரேஞ்சரை மறந்துவிட்டதே என்றுதான் கேட்கிறேன்.

2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம்தான். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டியில் பங்கு உறுதியானது. நிகழ்த்துகலைஞர்களுக்கும் உரிமை வந்தது. 38பி பிரிவின்படி, 'இதை நிகழ்த்தியது நான்' என்று அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அட, பரவாயில்லையே என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஒரு நிபந்தனை. ஒரு திரைப்படத்தில் ஒருவரின் பங்கு போகிறபோக்கில் வந்துபோவதாக இருந்து, அப்படிப்பட்டவருக்குப் பெயர் போடுகிற வழக்கமும் அந்தத் தொழிலில் இல்லை என்றால், அவரை நிகழ்த்துகலைஞராகக் கொள்ள வேண்டியதில்லை. தன் பங்கைச் சிதைக்காதே என்று தடுக்கிற உரிமை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். பெயரைப் போடு என்று கேட்கிற உரிமை போய்விட்டது.

கூட்டத்தில் தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த இரண்டாவது பாதியைத் திரும்பப் படியுங்கள். உனக்குப் பெயர் போடுகிற வழக்கம் இல்லை, அதனால் பெயர் கேட்கிற உரிமையும் இல்லை. இத்தனை வருஷம் பெயர் போடாமல் ஏமாற்றியதையே 'தொழில் வழக்கம்' என்று சட்டம் மரியாதையாகக் குறித்துக்கொள்கிறது. திருடன் பத்து வருஷம் தொடர்ந்து திருடினால் அது வழக்கம் ஆகிவிடுமா? அந்தப் பெரியவரின் மஞ்சப் பையைப் பார்த்துவிட்டு ஆதாரம் இல்லை என்று சொன்ன அலுவலகமும் இதையேதான் சொன்னது. சட்டம் கொஞ்சம் நாகரிகமான பாஷையில் சொல்கிறது.

'அரேஞ்சருக்கெல்லாம் உரிமை கொடுத்தா உலகத்துல எவனும் பாட்டுப் போட முடியாது' என்று பயமுறுத்துகிறார்கள். உலகம் என்றால் எது? நார்வேயை எடுத்துக்கொள்ளுங்களேன். நார்வே என்றதும் நமக்கு 2002-ல் இலங்கைக்குச் சமாதானம் பேச வந்தது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அது என்ன ஆயிற்று என்பது வேறு கதை. மக்கள்தொகையில் சென்னை நகரத்தைக்கூட எட்டாத நாடு அது. அங்கே ஏகில் மொன்-ஈவர்சன் என்று ஒரு பியானோக்காரர் இருந்தார். 1928-ல் பிறந்து 2017-ல் இறந்தவர். 'மொன் கீஸ்' என்று ஒரு பாட்டுக் குழுவை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட சினிமா, டிவி வேலைகளுக்கு இசை செய்தார். ஆஸ்லோவில் உள்ள 'டெட் நோர்ஸ்கே தியேட்டர்' என்ற நாடக அரங்கின் இசைப் பொறுப்பில் இருந்து, வாத்தியக் குழுவை நடத்தி, அரேஞ்ச் செய்து, 1972-ல் ஓர் இசை நாடகமும் போட்டார். அந்த அரங்கு பற்றி இன்னொரு விஷயம்: நாட்டுப்புறப் பேச்சு வழக்குகளிலிருந்து எடுத்து உருவாக்கிய நீநோர்ஸ்க் மொழிக்கென்றே 1913-ல் திறந்தது. அதாவது பட்டிக்காட்டுப் பேச்சு என்று பட்டணத்தார் இளப்பமாகப் பார்த்த மொழிக்குத் தலைநகரத்தில் ஒரு மேடை. அந்த மேடைக்குப் பெட்டி வாசித்தவரை அந்த நாடு தன் இசையின் பெரியவர்களில் ஒருவராக வைத்துக் கொண்டாடியது.

அவர் பெரிய மேதை, அதனால் பெயர் நின்றது என்று சொல்லலாம். ஆனால் மேதையாக இல்லாதவர்களுக்கும் அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. 'டோனோ' என்ற அவர்களுடைய இசை உரிமைச் சங்கம் 1928-ல் தொடங்கியது. மெட்டுப் போட்டவர், பாட்டு எழுதியவர் போலவே அரேஞ்சரும் அதில் தன் பெயரைப் பதிந்து பங்கு வாங்க வழி உண்டு. இதனால் நார்வேயில் பாட்டு நின்றுவிடவில்லை. நம்மிடமும் 1969-லிருந்து ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், இசைப் பதிப்பாளர்கள் அதில் உறுப்பினர்கள். நான்காவதாக ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன். போட மாட்டேன் என்றால், ஏன் என்றாவது சொல்லுங்கள்.

சட்டத்தைத் திருத்துவது டெல்லி வேலை. எப்போது நடக்குமோ. நோட்டீஸைத் திருத்துவது உங்கள் வேலை. அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டாம். ஒரு வரி கூடினால் அச்சகத்தில் தனிக் காசு கேட்கிறார்களா? சவுண்ட் சர்வீஸ் பெயரை ஒரு புள்ளி சின்னதாக்கினால் மிருதங்கக்காரர், தாளக்காரர், பெட்டிக்காரர் மூன்று பேரையும் போட்டுவிடலாம். (முகவீணைக்காரருக்கு இடம் விட வேண்டியிருக்காது. நான் பார்த்த கூத்தில் அவர் இல்லை. இருந்தவர் செத்துப்போன பிறகு வேறு ஆள் கிடைக்கவில்லையாம். அவர் பெயரையும் கேட்டேன். உடனே சொல்ல அங்கே யாருக்கும் வரவில்லை.)

இவ்வளவு நேரம் பெயர், பெயர் என்று கத்துகிறவன், அந்தப் பெரியவரின் பெயரை எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். எழுதத்தான் இருந்தேன். அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தம்பி. பேரு போடலன்னு பேப்பர்ல எழுத வச்சுட்டான்னு கமிட்டிக்காரங்க வருத்தப்படுவாங்க. அடுத்த வருசம் வேற பொட்டிய வச்சுக்குவாங்க." அறுபத்தைந்து வயதில், ஐம்பது வருஷ வித்தையோடு, ஒரு மனிதர் தன் பெயரைப் பார்த்துப் பயப்படுகிறார்.

நீங்கள் ஒரு விழாக் குழுவில் இருக்கிறீர்களா? மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறாரா? இந்த வருஷம் நோட்டீஸ் புரூஃப் வரும்போது ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 'மற்றும்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பேனாவால் அதை அடித்துவிட்டு மேலே பெயரை எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் போய்க் கேளுங்கள். விடியற்காலை நாலரை மணிக்குக் கர்ணன் சாகும்போது போனால் போதும், அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.